சாவிக்கார பாய் எழுந்து நடந்த நாள்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து உள்ளே போய்விடுவேன். பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படிவங்களில் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட யோசிக்கிறவள். அப்படிப்பட்டவள் இத்தனை பக்கம் எழுதுவதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்ற வைத்தது, இப்போது என் முன்னால் மேஜைமேல் கிடக்கும் ஒரு சாவி.

பித்தளைச் சாவி. அதன் தலையில் நாலு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்தவை. மூன்றாவது எண் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இந்தச் சாவிக்குப் பல வருஷம் பல்லே கிடையாது. வெட்டாத சாவி. எந்தப் பூட்டையும் திறக்காமல், என் சுருக்குப் பையில் வெற்றிலைக் காம்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் சும்மா கிடந்தது. இதைக் கொடுத்தவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் எல்லோருக்கும் அவர் சாவிக்கார பாய்.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக நாங்கள் பதினாலு பேர் வியாபாரம் செய்தோம். நான் ஜீவனஹள்ளியிலிருந்து வண்டி தள்ளிக்கொண்டு வருவேன். என் சரக்கு தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்துக் கொடுப்பது. எங்கள் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும். பெங்களூர்க்காரர்கள் அதைப் பார்த்து "நிப்பட்டு மசாலா" என்பார்கள். நான் திருத்த மாட்டேன். திருத்த வேண்டுமானால் பேச வேண்டுமே. எத்தனை செட் என்று அவர்கள் விரலைக் காட்டுவார்கள், நான் கட்டிக் கொடுப்பேன். நாள் முழுக்க இருபது வார்த்தை பேசாமல் செய்யக்கூடிய தொழில் என்பதால்தான் இதை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு வலது பக்கம், பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே பாய் உட்கார்ந்திருப்பார். ஒரு மரப்பெட்டிதான் அவருக்கு நாற்காலி. முன்னால் ஆணி அடித்த பலகையில் நூற்றுக்கணக்கான வெட்டாத சாவிகள் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். தொடைமேல் ஒரு சின்னப் பட்டறைக் கவ்வி, கையில் அரம். வாய் மட்டும் ஓயாது. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் மாற்றி மாற்றிப் பேசுவார். நான் பேசாததற்கும் சேர்த்து அவர் பேசுகிறார் என்று இளநீர்க்காரர் கிண்டல் செய்வார்.

அந்த இளநீர்க்காரர்தான் எங்களுக்குக் காவல். தெரு முனையில் நிற்பவர். நடைபாதை வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் கார்ப்பரேஷன் லாரி வருவது தெரிந்ததும், அரிவாளின் பின்பக்கத்தால் தன் தள்ளுவண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். டங், டங். அவ்வளவுதான். பழம், சோளம், பிளாஸ்டிக் சாமான், செருப்பு எல்லாம் ஒரு நிமிஷத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சந்துக்குள் போய்விடும். அது முட்டுச்சந்து. ஒரு வண்டி அகலம்தான். ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி நிற்போம். சட்னிப் பாத்திரங்களை மூடி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்து, பிறகுதான் என்னால் நகர முடியும் என்பதால் எப்போதும் நான்தான் கடைசி. பாதி வண்டி சந்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "ஒன்னால ஒரு நாளு எல்லாரும் மாட்டப்போறோம்மா" என்று உள்ளேயிருந்து யாராவது முணுமுணுப்பார்கள்.

பாய் மட்டும் ஓட மாட்டார். மடக்கினால் கக்கத்தில் அடங்கிவிடும் கடை அவருடையது, எங்கள் எல்லோரையும்விடச் சுலபமாக ஓடலாம். இரண்டு முறை குடையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், வெயிலில் உட்கார்ந்து அரம் போட்டார். ஏன் பாய் என்று கேட்டதற்கு, கவ்வியில் மாட்டியிருந்த சாவியைக் காட்டினார். "இது யாருதோ வூட்டுச் சாவி தங்கச்சி. என்னை நம்பிக் குடுத்துட்டு மார்க்கெட் போயிருக்காங்க. திரும்பி வந்து பாக்கும்போது நான் இங்க இல்லேன்னா என் பேரு என்னா? திருடன். அடுத்தவன் சாவி கையில இருக்கிறவன் எடத்தை வுட்டு நகரக் கூடாது." அது அவர் தொழிலின் சட்டம். சாப்பாட்டுக்குக்கூட எழ மாட்டார். தொழுகைக்குப் போவதானால், கையில் ஒரு சாவியும் மிச்சமில்லாமல் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

என் வண்டியை ஒரு முறை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை மீட்க மூன்று நாள் கார்ப்பரேஷன் குடோன் வாசலில் போய் நின்றேன். மற்றவர்கள் சத்தம் போட்டும் கெஞ்சியும் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரிடம், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் சுவரோரம் நின்றுவிட்டு வந்தேன். வேறு பழைய வண்டிதான் வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த டங் சத்தம் கேட்டால், எதிரே நிற்பவர் நீட்டும் காசைக்கூட வாங்காமல் பாத்திரங்களை மூட ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் புது நடைபாதை போடப்போவதாகப் பேச்சு வந்தது. வேலை முடிந்ததும் சர்க்கார் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் மறுபடி அங்கே நிற்கலாம். அட்டை வேண்டுமானால் சர்வேயில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற வேண்டுமானால், சர்வேக்காரர்கள் வரும்போது நம் இடத்தில், நம் வண்டியோடு நிற்க வேண்டும். போனில் போட்டோ எடுப்பார்கள், எடுத்த இடமும் அதிலேயே பதிவாகிவிடும். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் பாய்தான். எதிர்த் தெருவில் குடியிருந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா பேப்பர் பார்த்து அவருக்குச் சொல்லியிருந்தார். என்றைக்கு வருவார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வார்டு ஆபீஸ் சுவரில் கன்னடத்தில் ஒட்டியிருந்தார்களாம். அந்த ஆபீஸ் இருக்கும் திசைக்கே நாங்கள் யாரும் போவதில்லை.

சர்வே வந்த அன்று என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். காலை பதினொரு மணி. முனையில் சர்க்கார் எழுத்து போட்ட வண்டி திரும்பியது. டங், டங். எந்த அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோமோ, அதைக் கொடுக்க வந்தவர்களைக் கண்டு பதிமூன்று பேரும் சந்துக்குள் ஓடி ஒளிந்தோம். நான் கடைசி. அன்றைக்கும் என் வண்டி பாதி வெளியே.

வண்டியிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பேர்தான். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், கையில் கோப்பு வைத்திருந்த ஓர் அதிகாரி. வெறும் சுவரையும், அங்கங்கே சிந்தியிருந்த தண்ணீரையும், ஒற்றைக் குடையையும் பார்த்தார்கள். "இல்லி யாரூ இல்வல்லா", இங்கே யாருமே இல்லையே என்று அந்தப் பெண் சொன்னது சந்துமுனையில் வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாயின் பெயரை எழுதி, போட்டோ எடுத்தார்கள். இங்கே இன்னும் பதிமூன்று பேர் இருக்கிறார்கள், கொஞ்சம் நில்லுங்கள் என்று பாய் கன்னடத்தில் மன்றாடினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று தெரு முடிக்க வேண்டும், இல்லாத ஆளை எழுத முடியாது என்றார். "ஏய், வெளிய வாங்கடா! இது அந்த லாரி இல்ல, சர்வே!" என்று பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். சந்தில் ஒருவரும் அசையவில்லை. அவர் எழுந்து வந்துதான் கூப்பிட வேண்டும். ஆனால் கவ்வியில் டீச்சரம்மாவின் வீட்டுச் சாவி இருந்தது. கொத்தாக நாலு சாவி.

பாய் ஒரு நிமிஷம் அந்தக் கொத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். எனக்குத் தெரிந்து கையில் அடுத்தவர் சாவியோடு அவர் எழுந்தது அன்று ஒரே ஒரு முறைதான். சாவிக்கொத்தைக் கவ்வியிலிருந்து கழற்றி, நேராகப் போய் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். இது ஒரு வயசான அம்மாவின் வீட்டுச் சாவி, அவர் எந்த நேரமும் வந்து கேட்பார், நான் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் சந்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், விந்தி விந்தித்தான் வந்தார். பின்னால் அந்தப் பெண் சாவியைப் பிடித்தபடி, போகவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் நின்றாள். அதிகாரி "பாரம்மா, ஹோகோணா" என்று கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டார். "ஹேகே சார், சாவி இதெயல்லா", சாவி இருக்கும்போது எப்படி வருவது என்று அவள் கையை விரித்துக் காட்டினாள். பாய் இத்தனை வருஷம் தன்னைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றால் சர்க்காரைக் கட்டிப்போட்டுவிட்டார்.

சந்துமுனைக்கு வந்து மூச்சு வாங்கினார். உள்ளேயிருந்து இளநீர்க்காரர் குரல் கொடுத்தார். "நீ போ பாய்! போட்டோ எடுத்து லிஸ்ட் போட்டுக்குவாங்க, அடுத்த வாரம் ஆளு ஆளாத் தூக்குவாங்க. ஒனக்கென்னா, ஒரு கொட. எனக்கு வண்டி நெறைய காயி."

"பத்து வருஷமா ஓடறியே, எங்கயாவது போய்ச் சேந்தியா?" என்றார் பாய். "ஓடி ஓடி இந்த முட்டுச்சந்து வரைக்கும்தானே வந்திருக்க?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஆனாலும் ஒரு சக்கரம்கூட உருளவில்லை. உருளவும் முடியாது. என் வண்டிதான் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. நான் நகராமல் ஒருவரும் வெளியே வர முடியாது. அப்போதுதான் அது எனக்குப் புரிந்தது. பாய்க்கு அது எப்போதோ புரிந்திருந்தது.

"தங்கச்சி," என்றார், சத்தத்தைக் குறைத்து. "அந்தப் பொண்ணு சாவியை வெச்சிக்கினு இன்னும் பத்து நிமிஷம் நிக்கும். அதுக்கு மேல நிக்காது. நீ தள்ளுனா எல்லாரும் வருவாங்க. நீ தள்ளலேன்னா பதிமூணு பேருக்கும் எடம் போச்சு."

குடோன் வாசல் ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என் முதுகைப் பார்ப்பது தெரிந்தது. போகாதே என்று சில, போ என்று சில. எனக்கு எது பெரிய பயம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது, லாரியா, இல்லை அந்தப் பெண் முன்னால் நின்று என் பெயரை நானே சொல்வதா. ஆனால் அவர் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தேன். அந்த மனுஷர் இடத்தை விட்டு எழுந்துவிட்டார். வண்டியைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பி, தெருவுக்குள் தள்ளினேன்.

என் இடத்தில், சக்கரம் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகிப்போன அதே இரண்டு குழியில் வண்டி உட்கார்ந்தது. கல்லை அண்டை கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் போனுமாக வந்தாள். "ஹெசரு ஹேளி" என்று பெயரைக் கேட்டாள். சொன்னேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். என்ன வியாபாரம் என்று கேட்டாள். "தட்டுவடை செட்" என்று சொல்லிவிட்டு, அவள் முகம் விளங்காமல் சுருங்கியதைப் பார்த்து, "நிப்பட்டு மசாலா மாதிரி, ஆனா நிப்பட்டு மசாலா இல்ல" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திருத்தினேன். எத்தனை வருஷம் என்றாள். "ஒம்பத்து வர்ஷ" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். போட்டோவுக்கு நிற்கும்போது வழக்கம்போலத் தலை தானாகக் குனிந்துகொண்டது. "தலையத் தூக்கு தங்கச்சி, இது பொண்ணு பாக்குற போட்டோ இல்ல" என்றார் பாய். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் போட்டோவில் விழுந்தது.

எனக்குப் பின்னால் சோளம் வந்தது, செருப்பு வந்தது, பழம் வந்தது. இளநீர்க்காரர் கடைசியாக, யாரையும் பார்க்காமல் வந்து நின்றார். பாதிப் பேரை எழுதி முடித்தபோது டீச்சரம்மா காய்கறிப் பையோடு வந்துவிட்டார். குடைக்குக் கீழே பாய் இல்லை, தன் சாவி முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையில். "என் சாவியை யார்கிட்டக் குடுத்தீங்க பாய்?" என்று அவர் கேட்ட கேள்வியில் தெருவே நின்றுவிட்டது.

"சர்க்கார் கையில டீச்சரம்மா" என்றார் பாய். "அதைவிடப் பத்திரமான எடம் ஏது?"

அதிகாரியே சிரித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் டீச்சரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவரையும் காட்டி, இவர் இத்தனை வருஷம், அவர் இத்தனை வருஷம் என்று பள்ளியில் வருகை எடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாலு பேரும் எழுதப்பட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ் புத்தகம், இதைத் தவிர வேறு வருமானம் இல்லை என்று ஓர் உறுதிமொழி. ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். தின்பண்டம் விற்பதால் எனக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும் என்றார்கள். அதற்கு டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழ். டாக்டர் என் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பீட்ரூட் கறையைக் காயம் என்று நினைத்து மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னேன். என் மகள் போனில் எல்லாவற்றையும் ஏற்றினாள், ஒரு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது, மறுபடி ஏற்றினாள். இதற்காக ஆபீஸ் ஆபீஸாகப் போக வேண்டியிருந்தபோது, ஒவ்வொரு ஜன்னலிலும் முதல் வார்த்தை மட்டும்தான் கஷ்டம் என்று தெரிந்துகொண்டேன். நம் பெயரைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். ஒன்பது வருஷம் சந்துக்குள் நின்றபோது தெரியாத விஷயம் இது.

அட்டை கைக்கு வந்த அன்று பாய் அதை வாங்கி, தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். "லைசென்சுன்னா என்னா தெரியுமா தங்கச்சி? நீ இங்க இருக்கேன்னு நீ சொல்லல, சர்க்கார் சொல்லுது." பிறகு பலகையிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை எடுத்து, எண் அச்சுகளை வைத்து என் அட்டையின் கடைசி நாலு எண்களை அதில் அடித்தார். மூன்றாவதை அடிக்கும்போது இளநீர்க்காரர் ஏதோ கேலி செய்ய, கை சாய்ந்துவிட்டது. "இப்ப இதுக்குப் பூட்டு இல்ல. நீ ஷட்டர் வெச்ச கடை போடும்போது கொண்டா, பல்லு வெட்டித் தர்றேன்" என்றார். தள்ளுவண்டிக்காரிக்கு ஷட்டர் கடையாம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

புது நடைபாதையில் பல வருஷம் நின்றோம். டங் சத்தம் நின்றுபோனது. இளநீர்க்காரர் சில நாள் பழக்கத்தில் தட்டிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொள்வார். பாய்க்குச் சர்க்கரையால் பார்வை மங்கியது. ஒரு நாள் குடையை மடக்கி, பலகையைத் துணியில் சுற்றி, ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது கையில் ஒரு சாவியும் மிச்சமில்லை என்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையிலேயே பத்துக்குப் பத்தில் ஒரு கடை எடுத்தேன். வியாபார உரிமம் வாங்கக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். நாலு முறை நானே போய்க் கன்னடத்தில் பேசினேன். ஐந்தாவது முறை கடிதத்தை மகளை விட்டு எழுதச் சொல்லி, பேனாவோடு போய் அவர் வாசலில் நின்றேன். கையெழுத்துப் போட்டார். வரி ரசீது நகல், வாடகை ஒப்பந்தம், கடைக்கு மின்சார மீட்டர், கடை முகப்பின் போட்டோ, உணவுப் பதிவில் விலாச மாற்றம். எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன். ஒரே ஒரு காரியத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். கடை வைத்துவிட்டால் தெரு வியாபார அட்டையை வைத்துக்கொள்ளக் கூடாது. யாரும் கேட்பதற்குள் நானே போய்த் திருப்பிக் கொடுத்தேன். சிரிக்கிற போட்டோவோடு அது ஒரு கோப்புக்குள் போனது. அந்த இடத்தில் இப்போது ஒரு பெண் அவித்த வேர்க்கடலை விற்கிறாள். என் நாலு எண்கள் மிச்சமிருப்பது இந்தச் சாவியில் மட்டும்தான்.

சாவியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, இது நுழைகிற பூட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "பூட்டுக்குத்தாம்மா சாவி கேப்பாங்க, நீ சாவிக்குப் பூட்டு கேக்கிற" என்று ஒருவர் சிரித்தார். நாலாவது கடையில் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டையும், கைக்கு வந்த கடை உரிமத்தையும் எடுத்துக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "தங்கச்சியா? இவ்ளோ சத்தமாப் பேசுறே?" என்றார்.

உரிமத்தைப் படிக்கச் சொன்னார். கன்னடம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடையின் பெயர், தொழில், உரிமதாரர் என்று இருந்த இடத்தில் என் பெயர். இன்னொரு தடவை என்றார். படித்தேன். மகனிடம் கவ்வியை எடுத்துவரச் சொன்னார். கடைக்காரர் கொடுத்த சாவியையும் என் சாவியையும் சேர்த்துக் கவ்வியில் இறுக்கி, அரத்தால் தேய்த்தார். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது, கட்டை விரல் பல்லுக்குப் பல் தடவிக்கொண்டே போனது. பூட்டில் விட்டுத் திருப்பினார், சிக்கியது. எடுத்து இரண்டு இழுப்பு. மறுபடி சிக்கியது. மகன் "குடுங்க வாப்பா, நான் பாக்கறேன்" என்று கை நீட்டினான். "அடுத்தவங்க சாவிடா" என்று கையைத் தள்ளிவிட்டார். ஐந்தாவது முறை பூட்டு திறந்தது. அந்தச் சத்தமும் டங் மாதிரிதான் இருந்தது, ஆனால் சின்னதாக, ஒரே ஒரு தட்டு. அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, அன்று அந்தப் பெண்ணுக்குச் செய்த மாதிரியே விரல்களை மூடிவிட்டார்.

"இது ஒன் சாவி" என்றார். "இதை வெச்சிக்கினு நீ எங்க வேணா போலாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சாவியால் ஷட்டரைத் திறந்தேன். லேசாகத் தூறல் இருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து இரண்டு கேன் இறக்கிவிட்டுப் போனார்.